கேதார்காந்தா: மகளுடன் பனிக்கால நடை, 5 நாளா 6 நாளா?

ஆர்கேபுரம் அப்பா | அக்டோபர் 14

எல்லோருக்கும் வணக்கம். தில்லிக்கு வந்து 21 வருடம் ஆகிறது. மலை என்று பார்த்தது முசோரி, சிம்லா, ஒரு தடவை கேதார்நாத், அதுவும் ஏறும்போது குதிரையில். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, "அப்பா, நாம ரெண்டு பேரும் பனியில கூடாரம் போட்டுத் தூங்கலாமா" என்று கேட்டாள். அடுத்த இரண்டு வருடத்தில் எந்த ஊருக்குப் படிக்கப் போவாளோ தெரியாது, அதனால் சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு 48 வயது. ரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை, சர்க்கரை இல்லை. தினமும் 4 கிலோமீட்டர் நடப்பேன், ஓடிப் பழக்கமில்லை.

உத்தராகண்டில் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். வழிகாட்டி, சமையல், கூடாரம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்ளும் குழுப் பயணம். இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஒருவர் நடை தொடங்கும் சாங்க்ரி ஊருக்குப் போய்ச் சேரும் நாளையும் சேர்த்து 5 நாள் என்கிறார். இன்னொருவர் முதல் முகாமில் இரண்டு இரவு தங்கவைத்து 6 நாள், ஆளுக்கு 2,500 ரூபாய் அதிகம். ஒரே உச்சி, ஒரே வழி. அந்த ஒரு நாளுக்குப் பணம் கொடுப்பது சரியா? இந்த வயதில் என்னால் முடியுமா? அப்புறம் துணிமணி என்ன வாங்குவது?

பனிக்கால் | அக்டோபர் 14

சார், 6 நாள். யோசிக்கவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். தில்லி கடல்மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டர். சாங்க்ரி 1,950. முதல் முகாமான ஜூடா கா தாலாப் கிட்டத்தட்ட 2,775. அடுத்த முகாம், பேஸ் கேம்ப் என்பார்கள், 3,430 பக்கம். உச்சி 3,810 மீட்டர், அதாவது 12,500 அடி. 5 நாள் திட்டத்தில் இரண்டாம் இரவு 2,775-ல் தூங்கி மூன்றாம் இரவு 3,430-ல் தூங்குவீர்கள், ஒரே தாவலில் 650 மீட்டருக்கு மேல். 3,000 மீட்டர் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்றுதான் மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். பகலில் கொஞ்சம் கூடுதலாக ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, எங்கே தலை சாய்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஜூடா தாலாபில் இன்னொரு இரவு தங்கினால் உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும், பகலில் கொஞ்சம் மேலே நடந்துவிட்டுத் திரும்பி வந்து தூங்கலாம்.

48 வயது ஒரு பிரச்சினையே இல்லை. உயர நோய், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உடம்புக் கோளாறு, வயது பார்த்து வருவதில்லை, தினமும் 10 கிலோமீட்டர் ஓடும் 24 வயதுப் பையன்கள் சுருண்டு படுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேகமாக ஏறிவிடுவதுதான் காரணம்.

டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை மட்டும் போகாதீர்கள். அந்த வாரம் உச்சிக்கு ஏறும் சரிவில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், விடியற்காலைக் குளிரில் நகராமல் நின்றால் கால் விரல் மரத்துவிடும்.

முனிர்கா பையன் | அக்டோபர் 15

அண்ணா, தப்பாக நினைக்க வேண்டாம். கேதார்காந்தாவுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா? நாங்கள் நாலு பேர் போனோம். காஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ் பிடித்து டேராடூன், அங்கிருந்து ஷேர் ஜீப், சாங்க்ரியில் டென்ட் வாடகை. முன்னால் போகிறவர் காலடியைப் பார்த்தே போய் வந்துவிட்டோம். குழுவோடு போனால் அவர்கள் சொல்லும் நேரத்துக்கு எழுந்து, அவர்கள் சொல்லும் நேரத்துக்குத் தூங்க வேண்டும். மலைக்குப் போவதே விருப்பம்போல் இருக்கத்தானே?

பனிக்கால் | அக்டோபர் 15

தம்பி, உங்களுக்கு வானிலை நன்றாக இருந்திருக்கிறது. அரை மணி நேரம் பனி கொட்டினால் அந்தக் காலடி ஒன்றுகூடத் தெரியாது. எந்த மரத்துக்குப் பக்கத்தில் திரும்பினோம் என்பதும் தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளை.

ஆனால் வழிகாட்டி கூட இருந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்றும் நான் சொல்லமாட்டேன். 2024 ஜூனில் உத்தராகண்டிலேயே சஹஸ்த்ர தால் ஏரிக்குப் போன 22 பேர் குழு நினைவிருக்கிறதா? பெரும்பாலும் பெங்களூர்ப் பக்கத்துக்காரர்கள், உள்ளூர் வழிகாட்டிகளும் கூட இருந்தார்கள். உயரத்தில் மோசமான வானிலையில் மாட்டிக்கொண்டு 9 பேர் இறந்துபோனார்கள். மற்றவர்களை விமானப்படை ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் போய்க் கொண்டுவந்தன. அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை, அவர்களும் நம்மைப்போல லீவு சொல்லிவிட்டு, ஷூ வாங்கிக்கொண்டு போனவர்கள்தானே.

அதனால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: "நீங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? எப்போது, ஏன்?" இதற்கு உடனே நாலு கதை சொல்கிற ஆளோடு நம்பிப் போகலாம். "எங்களிடம் எல்லோரும் உச்சி தொட்டுவிடுவார்கள் சார்" என்கிறவரோடு போகாதீர்கள்.

மயூர்விஹார் அக்கா | அக்டோபர் 16

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், ஒரு தடவை மகனோடு. துணிமணி கேட்டிருந்தீர்கள், மகளும் வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்ற உடனே உடம்பை உறைய வைக்கும். உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல் உள்ளாடை, மேலே ஃப்ளீஸ் சட்டை, அதற்கு மேல் இறகு ஜாக்கெட், காற்றுக்கும் பனிக்கும் ஒரு மேலுறை. நடக்கும்போது இதில் பாதியைக் கழற்றிவிடுவீர்கள், நின்றதும் போட்டுக்கொள்ள வேண்டும், வியர்த்த பிறகு போட்டுப் பயனில்லை. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி தெர்மலும் கம்பளிக் காலுறையும் தனியாக பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், என்ன ஆனாலும் பகலில் அதைத் தொடக் கூடாது. ஜாக்கெட், கைத்தடி எல்லாம் சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும், ஒரே தடவைக்காக வாங்க வேண்டாம். ஷூ மட்டும் சொந்தமாக இருக்கட்டும், இப்போதே வாங்கி ஒரு மாதம் போட்டு நடந்து பழகுங்கள். கிளம்பும் முன்னால் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது விரல் ஷூவின் முன்பக்கம் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும், எனக்கு இரண்டு பெருவிரல் நகமும் விழுந்து ஆறு மாதம் கழித்துத்தான் முளைத்தது.

ராத்திரி எஃகு பாட்டிலில் வெந்நீர் வாங்கி, மூடியை இறுக்கி, காலுறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேகில் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விடியும்போது அது குடிக்கிற பதத்தில் இருக்கும், வெளியே வைத்த தண்ணீர் கட்டியாகியிருக்கும். போன், பவர் பேங்க் இரண்டும் பைக்குள்ளேயே உங்களோடு தூங்கட்டும், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். மூச்சைப் பைக்குள் விடாதீர்கள், உள்ளே ஈரமாகும்.

கழிவறை என்றால் ஒரு சின்னக் கூடாரம், உள்ளே குழி, பக்கத்தில் மண், ஒரு கரண்டி. அவ்வளவுதான். முதல் நாள் சங்கடமாக இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும். ராத்திரி சிறுநீர் வந்தால் எழுந்து போய்விடுங்கள், அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம் வராது. எழுந்து போகச் சோம்பல்பட்டுத் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் நிறையப் பேர், அதில்தான் தலைவலி ஆரம்பிக்கிறது, மகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நாப்கின், ஈரத்துடைப்பான் எதையும் அந்தக் குழியில் போடக் கூடாது. பழைய செய்தித்தாளில் சுற்றி ஜிப் பையில் போட்டுத் திரும்ப எடுத்துவர வேண்டும். மாதவிடாய் நாளில் வந்தாலும் நடக்கலாம், நான் நடந்தேன்.

துவாரகா மருத்துவர் | அக்டோபர் 18

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் போகலாம். ஆனால் உங்களைப் பார்க்கிற மருத்துவரிடம் எத்தனை மீட்டர், எத்தனை நாள் என்று சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே போய் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உயர நோயைப் பற்றி நாலு விஷயம். 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அந்த அளவுதான். தலைவலி, அதோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைசுற்றல், இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் வேறு காரணம் தெரியும்வரை உயர நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதே இடத்தில் இருந்து ஓய்வெடுங்கள், சரியாகாமல் மேலே ஒரு அடிகூட வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடாமல் இருமினால், அல்லது குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால் அது அடுத்த கட்டம். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே உடனே கீழே இறக்க வேண்டும்.

உயர நோய்க்குக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி எப்படியும் கேட்பீர்கள். முன்தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை போட்டுவிட்டோம் என்று வேகமாக ஏறலாம் என நினைப்பதுதான் ஆபத்து. மதுவும் தூக்க மாத்திரையும் மேலே வேண்டாம்.

பயிற்சி என்றால் நவம்பர் தில்லிக் காற்றில் வெளியே ஓடாதீர்கள், நுரையீரலுக்கு அது பயிற்சி அல்ல. கட்டடத்துக்குள் படி ஏறுங்கள், முதுகில் 5 கிலோ பையோடு.

ஆர்கேபுரம் அப்பா | அக்டோபர் 18

டாக்டர், மிக்க நன்றி. என் மாத்திரை நீர் பிரிகிற வகைதான், நல்ல வேளை சொன்னீர்கள். திங்கட்கிழமையே போய்க் கேட்கிறேன். அக்கா சொன்னதை மகள் முழுதும் படித்துவிட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள்.

சரோஜினி நகர் | அக்டோபர் 20

நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடம் முன்பு ஹம்தா கணவாய் போனேன். மணாலியிலிருந்து ஏறி, 14,000 அடியில் கணவாய் தாண்டி, லாஹௌல் பக்கம் சத்ரூவில் இறங்கும் வழி. இந்தப் பக்கம் பச்சைப் பள்ளத்தாக்கு, தாண்டினால் ஒரு புல்கூட இல்லாத மலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 18 பேருக்கு ஒரே ட்ரெக் லீடர், அவருக்கும் 22, 23 வயதுதான் இருக்கும். இரண்டாம் நாள் பாலு கா கேராவில் முகாம். மதியத்திலிருந்தே எனக்குத் தலை இடித்துக்கொண்டிருந்தது. சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் கணவாய் தாண்ட விடமாட்டார்கள், அலுவலக நண்பர்கள் ஆறு பேர் முன்னால் நான் மட்டும் திரும்ப வேண்டும் என்ற வெட்கம். சாயங்காலம் விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்த்தபோது 79 சதவீதம் காட்டியது. "கை சில்லுன்னு இருக்கு சார், அதான்" என்று லீடர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கை குளிர்ந்தால் குறைத்துக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் கையைச் சூடாக்கி மறுபடி பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை.

கண்டுபிடித்தது சமையல்காரர். ராத்திரி ராஜ்மாவும் சோறும். நான் இரண்டு வாய் தின்றுவிட்டு, மிச்சத்தைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி, ரொட்டியால் மூடி, கழுவும் இடத்தில் மெதுவாக வைத்துவிட்டேன். அவர் அந்த ரொட்டியைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என் கூடாரத்துக்கு வந்து, "ஷூ போட்டுக்கோங்க பாய், கொஞ்சம் நடக்கலாம்" என்றார். குனிந்தேன், கயிறு கையில் இருக்கிறது, முடிச்சு எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. நாலு வயதிலிருந்து போடுகிற முடிச்சு. இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரே குனிந்து கட்டிவிட்டு, உதவியாளரையும் எழுப்பி, டார்ச் வெளிச்சத்தில் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அந்தப் பையன், கற்களைத் தாண்டித் தாண்டி என்னை இறக்கினார்கள். கீழே, நடை தொடங்கிய ஜோப்ரா பக்கம் வந்தபோது விடிந்துவிட்டது. என் பெயரை நானே சரியாகச் சொல்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் சமையல்காரருக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. பிற்பாடு போனில் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "தலைவலியை எல்லாரும் மறைப்பாங்க பாய், தட்டு மறைக்காது" என்றார். இன்றும் தீபாவளிக்குத் தீபாவளி அவருக்குப் பேசுகிறேன்.

ஆர்கேபுரம் அப்பா, மகளிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டாம் என்று. நீங்களும் அவளிடம் மறைக்காதீர்கள்.

முனிர்கா பையன் | அக்டோபர் 20

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்களில் ஒருவன் அன்றைக்கு வாந்தி எடுத்தான், மேகி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிட்டோம். கூட ஆள் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தில்லியிலோ பெங்களூரிலோ இருக்கிற நிறுவனம்தான் வேண்டும் என்பதில்லை. சாங்க்ரி பக்கத்து ஊர்க்காரர்களே நல்ல வழிகாட்டிகள், அவர்களை நேரடியாக அமர்த்தினால் பணமும் அந்த ஊரிலேயே நிற்கும்.

பனிக்கால் | அக்டோபர் 21

நேரடியாக அமர்த்துவது நல்ல வழிதான், எனக்கும் அதில்தான் விருப்பம். ஆனால் முதல் தடவை போகிறவருக்கு யாரைக் கேட்பது என்றே தெரியாது. யாராக இருந்தாலும் இதையெல்லாம் கேளுங்கள்: லீடர் உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் போன்ற ஓரிடத்தில் அடிப்படைப் பயிற்சியாவது முடித்தவரா, காட்டுப் பகுதியில் முதலுதவி கற்றவரா, ஆக்சிஜன் சிலிண்டர் பேஸ் கேம்ப் வரை வருமா அல்லது சாங்க்ரி அறையில் பூட்டியிருக்குமா, ஒரு லீடருக்கு எத்தனை பேர், ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் கூட இறங்க ஆள் தனியாக உண்டா. கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ஆள் இல்லாவிட்டால் உடம்பு முடியாதவரையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் பையைத் தூக்குகிறவர் காலைப் பாருங்கள். கிழிந்த ஷூவோடு பனியில் நடக்கவிட்டு நமக்கு மட்டும் மூன்று வகைக் காய் வைக்கிற நிறுவனம் எனக்கு வேண்டாம். புல்வெளிகளிலும் இப்படித்தான் நடந்தது. பெத்னி, ஆலி பக்கமெல்லாம் கூடாரமும் கோவேறு கழுதையும் குப்பையுமாக நாம் நிரப்பினோம், 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில், அதாவது இந்த மலைப் புல்வெளிகளில், இரவு தங்கவே கூடாது என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அந்தப் புல்வெளிகள் வழியாகப் போகும் ரூப்குண்ட் ஏரிக்கு ஆசைப்பட்டுக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். தீர்ப்பில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆர்கேபுரம் அப்பா | நவம்பர் 9

இரண்டு பேரிடமும் அந்தக் கேள்விகளைக் கேட்டேன். 5 நாள்காரர் "அதெல்லாம் இருக்கு சார், நீங்க முன்பணம் அனுப்புங்க" என்றார். 6 நாள்காரர் லீடரையே போனில் பேச வைத்தார், அவர் போன பிப்ரவரியில் ஒரு குழுவை முழுதாகவே பேஸ் கேம்பிலிருந்து திருப்பியதைச் சொன்னார். அவரிடமே கட்டிவிட்டோம். ஜனவரி முதல் வாரம் கிளம்பிப் பொங்கலுக்குள் திரும்புகிறோம். மருத்துவர் என் மாத்திரையோடு டயமாக்ஸ் வேண்டாம், மெதுவாக ஏறினால் போதும் என்றுவிட்டார். நானும் மகளும் தினம் ராத்திரி எங்கள் குடியிருப்பில் ஏழு மாடி, எட்டு தடவை.

ஆர்கேபுரம் அப்பா | ஜனவரி 15

போகியன்று திரும்பி வந்தோம். எழுத வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

டேராடூனிலிருந்து சாங்க்ரி முழுப் பகல் ஆகிறது, புரோலா, மோரி தாண்டி வளைவு வளைவாக. வாந்தி மாத்திரை இல்லாமல் யாரும் ஏறாதீர்கள். நைட்வாரில் சுபின், ரூபின் இரண்டு ஆறும் சேர்ந்து டோன்ஸ் ஆகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். தண்ணீரின் நிறத்தை மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சரோஜினி நகர் அண்ணா, முதல் முகாமில் சாப்பிட உட்கார்ந்ததும் நான் பார்த்தது என்ன தெரியுமா, லீடர் டைனிங் டென்ட் வாசலில் நின்று ஒவ்வொருவர் தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு என்னவோ நாளைய வழியைப் பற்றி, கண் மட்டும் தட்டில். உங்களை நினைத்துக்கொண்டேன்.

பேஸ் கேம்பில் சாயங்காலம் எனக்குத் தலைவலி வந்தது. அக்கா கொடுத்த தைரியம், டாக்டர் சொன்னது எல்லாம் இருந்தும் சொல்ல ஒரு பத்து நிமிடம் ஆனது. மகள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சொல்லிவிட்டேன். கையைச் சூடாக்கி இரண்டு தடவை ஆக்சிஜன் பார்த்தார்கள், 86. நேர்கோட்டில் நடந்து காட்டச் சொன்னார்கள், நன்றாகவே நடந்தேன். ஆனாலும் "தலைவலி போகாவிட்டால் நாளைக்கு நீங்கள் மேலே வேண்டாம் சார்" என்றார் லீடர். ராத்திரி 2 மணிக்கு எழுப்பினார்கள், தலைவலி குறைந்திருந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. மகள் நானும் நிற்கிறேன் என்றாள். நான்தான் போகச் சொன்னேன். பனியில் வழுக்காமல் இருக்க மாட்டும் ஸ்பைக்ஸை அவள் ஷூவில் நானே மாட்டிவிட்டேன்.

3 மணிக்குக் கிளம்பினார்கள். நானும் சமையல்காரரும் அடுப்புப் பக்கத்தில் நின்று பார்த்தோம், சரிவில் 14 தலைவிளக்குகள் ஒரே கோடாக நகர்ந்தன. எது அவளுடையது என்று எண்ணி எண்ணிப் பார்த்தேன், ஐந்தாவது என்று வைத்துக்கொண்டேன். வெளிச்சம் வந்ததும் புள்ளிகள் மறைந்துவிட்டன. 10 மணிக்கு இறங்கி வந்தாள், உதடு வெடித்து, கண் மட்டும் பளபளவென்று. உச்சியில் திரிசூலம் இருக்கிறதாம், ஸ்வர்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் சிகரங்கள் எல்லாம் கையெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் இருந்ததாம். எனக்கென்று பாட்டிலில் கொஞ்சம் உச்சிப் பனி அடைத்துக் கொண்டுவந்தாள், வந்து சேர்ந்தபோது பாதி தண்ணீர். இரண்டு பேரும் அதைக் குடித்தோம், டாக்டர் திட்ட வேண்டாம்.

மதியம் ஹர்காவ்ன் முகாமுக்கு இறங்கியதும் என் தலைவலி இருந்த இடம் தெரியவில்லை. வருகிற வருடம் மறுபடி போகிறோம், அப்போது ஜூடா தாலாபிலிருந்து நடுவில் இன்னொரு முகாம் போட முடியுமா என்று லீடரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

மயூர்விஹார் அக்கா | ஜனவரி 15

படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது சார். மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கால் நகம் எப்படி இருக்கிறது?

ஆர்கேபுரம் அப்பா | ஜனவரி 16

இரண்டு பேருக்கும் பத்து விரலும் பத்திரம் அக்கா, ஒட்ட வெட்டிவிட்டுத்தான் போனோம். ஷூவுக்குள் பனி போகாமல் காலில் கட்டும் கெய்ட்டர் இரண்டு ஜோடி, ஒரு கைத்தடி எங்களிடம் சும்மா இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர்கள் யாராவது இருந்தால் இங்கே எழுதுங்கள், ஆர்கேபுரம் மலை மந்திர் கோயில் வாசலில் வந்து தருகிறேன், திரும்பி வந்ததும் கொடுத்தால் போதும்.